டயோடுக்கு முன்னும் பின்னும்: வீட்டில் கட்டிய ஓவர்டிரைவ் பெடலில் எதை மாற்றினால் என்ன மாறும்?

கிதாருக்கான ஓவர்டிரைவ் பெடலை வீட்டிலேயே கட்டியவர்கள் அதை அப்படியே விட்டுவைப்பது அபூர்வம். முதல் நாள் ஒலி வந்ததே பெரிய சந்தோஷம். சில நாட்களில் குறைகள் காதில் விழத் தொடங்கும். பேஸ் போதவில்லை, மிட் மட்டும் முன்னால் வந்து நிற்கிறது, டிரைவை முழுவதும் திருப்பினால் காது கூசுகிறது, அல்லது எதிர்பார்த்த கடுமை வரவில்லை. உடனே ஆலோசனைகள் குவியும். சிப்பை மாற்று, டயோடை எடுத்துவிட்டு எல்இடி போடு, ஜெர்மேனியம் கிடைத்தால் விடாதே, செராமிக் கெபாசிட்டரைக் கழற்றி ஃபிலிம் கெபாசிட்டர் போடு, 9 வோல்ட்டுக்குப் பதில் 18 வோல்ட் கொடு. இவற்றில் எது உண்மையிலேயே ஒலியை மாற்றுகிறது, எது மாறிவிட்டதாக நம்மை நம்பவைக்கிறது என்பதே இங்கே கேள்வி.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஓவர்டிரைவின் குணத்தைத் தீர்மானிப்பவை டயோடுக்கு முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு வடிகட்டிகள். பெரும்பாலோர் முதலில் கை வைக்கும் சிப்பும் டயோடும் அடுத்த வரிசையில்தான் வருகின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகவே தெரியும். அந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூட இயற்பியல் போதும்.

பேச்சுக்கு ஒரு சுற்று வேண்டும். டியூப் ஸ்கிரீமரை எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் கட்டப்படும் ஓவர்டிரைவ்களில் ஏராளமானவை அதன் நகல்கள் அல்லது அதன் சொந்தக்காரர்கள்.

பழுதிலிருந்து பிறந்த ஒலி

ஒலியைச் சிதைத்துப் பயன்படுத்தும் வழக்கமே பழுதில் தொடங்கியது. 1951-இல் பதிவான ‘ராக்கெட் 88’ பாடலில் வில்லி கிஸார்ட்டின் கிதார் கரகரப்பதற்குக் காரணம் சேதமடைந்த ஓர் ஆம்ப். 1958-இல் ‘ரம்பிள்’ இசைக்காக லிங்க் ரே ஸ்பீக்கரில் துளைகள் போட்டார். 1961-இல் மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ பாடலுக்கு கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிதார், நாஷ்வில் ஸ்டூடியோ மிக்ஸரில் பழுதாகிப்போன ஒரு சேனல் வழியே சென்று உறுமியது. அந்த உறுமலைத் தனிக் கருவியாக்க முனைந்த ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடியின் உழைப்பு 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் கடைக்கு வந்தது. இரண்டு வருடம் கழித்து லண்டனில் டேவ் டேவிஸ் தன் ஸ்பீக்கர் கூம்பை பிளேடால் கீறினார். சுற்றை மாற்றிப் பார்க்கும் பழக்கம் இந்த மரபுக்கு வெளியிலிருந்து வந்ததல்ல, மரபே அதுதான்.

ஃபஸ்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் நோக்கம் வேறு. வால்வு ஆம்ப்பை அதன் சக்தியின் எல்லைக்குத் தள்ளினால் அலையின் முகடுகள் மெல்ல மழுங்கும். மென்மையாக மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும் ஒலிக்கும். ஆனால் அதற்கு ஆம்ப் தாங்க முடியாத சத்தத்தில் இருக்க வேண்டும். அந்த மழுங்கலைக் குறைந்த சத்தத்தில் தருவதற்காகவே ஜப்பானிய நிறுவனங்கள் 1970களின் பிற்பகுதியில் இந்த வகைப் பெடல்களைச் செய்தன. பாஸ் நிறுவனத்தின் ஓடி-1, 1977-இல் வந்தது. மேக்ஸான் என்ற பெயரில் அறியப்பட்ட நிஷின் ஓன்பா நிறுவனத்தில் சுசுமு தமுரா வடிவமைத்த டிஎஸ்808, அதாவது டியூப் ஸ்கிரீமர், 1979-இல் ஐபானெஸ் முத்திரையுடன் வெளிவந்தது. அதன் அடுத்த வடிவமான டிஎஸ்9, 1982-இல் வந்தது. ஸ்டீவி ரே வான் கையில் இந்தப் பச்சைப் பெட்டி ஒலித்த பிறகு உலகமெங்கும் கிதார்காரர்கள் அதைத் தேடினார்கள். தேடிக் கிடைக்காதவர்கள் கட்டினார்கள்.

நடுவில் இருக்கும் அரை அங்குலம்

டியூப் ஸ்கிரீமரின் வரைபடம் பார்வைக்கு நெருக்கமாக இருந்தாலும் அதில் நான்கே பகுதிகள். முதலில் ஒரு டிரான்சிஸ்டர் பஃபர். கிதாரின் பலவீனமான சிக்னலைச் சுமையில்லாமல் வாங்கிக்கொள்கிறது. அடுத்து, 4558 என்ற இரட்டை ஆப்-ஆம்ப்பின் ஒரு பாதியில் பெருக்கமும் கிளிப்பிங்கும் (அலையின் முகடுகளை வெட்டுவது) நடக்கின்றன. மறு பாதி டோன் கண்ட்ரோலைப் பார்த்துக்கொள்கிறது. கடைசியில் இன்னொரு பஃபர். 9 வோல்ட்டை இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் பாதியாகப் பிரித்து, சிக்னல் மேலும் கீழும் அசைய 4.5 வோல்ட் நடுக்கோட்டைத் தருகின்றன.

முழுப் பெடலின் ஆளுமையும் இரண்டாவது பகுதியில், வெரோபோர்டில் அரை அங்குல இடத்தில் இருக்கிறது. ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டிலிருந்து அதன் மைனஸ் உள்ளீட்டுக்குத் திரும்பும் பாதையில் 51 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 500 கிலோ ஓம் டிரைவ் பாட்டும் (பொட்டென்ஷியோமீட்டர்) வரிசையாக உள்ளன. அவற்றுக்கு இணையாக, ஒன்றுக்கொன்று எதிர்முகமாக இரண்டு சிலிக்கான் டயோடுகளும் 51 பிக்கோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும். மைனஸ் உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் வரிசையாகப் போகின்றன.

பெருக்கம் எவ்வளவு? பின்னூட்ட ரெசிஸ்டரை 4.7 கிலோ ஓமால் வகுத்து ஒன்றைக் கூட்ட வேண்டும். டிரைவ் குறைந்தபட்சத்தில் 51-ஐ 4.7-ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் ஏறத்தாழ 12. முழுவதும் திருப்பினால் 551-ஐ 4.7-ஆல் வகுத்து ஒன்று கூட்ட, 118. ‘டிரைவைப் பூஜ்ஜியத்தில் வைத்தாலும் சுத்தமான ஒலி வரவில்லையே’ என்று முதன்முதலில் கட்டியவர்கள் கேட்பதற்குப் பதில் இந்த 12-இல் இருக்கிறது. 51 கிலோ ஓமைக் குறைத்தால் அடிமட்டம் தாழும். சுத்தமான பூஸ்ட் வேண்டுபவருக்கு இதைவிட மலிவான மாற்றம் கிடையாது.

டயோடுகள் பின்னூட்டப் பாதையில் இருப்பதால் ஒரு முக்கியமான விளைவு உண்டு. இந்த அமைப்பில் பெருக்கம் ஒருபோதும் ஒன்றுக்குக் கீழே போகாது. டயோடுகள் கடத்தத் தொடங்கியதும் பெருக்கம் சரிகிறது. ஆனாலும் உள்ளே வந்த அலை, வெட்டுப்பட்ட அலையின் மேல் அப்படியே கூட்டப்பட்டு வெளியே வருகிறது. ஆகவே கையின் அழுத்தம் முற்றாகத் தொலைவதில்லை. எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ், புரோகோ ராட் போன்றவற்றில் டயோடுகள் ஆப்-ஆம்ப்பைத் தாண்டி, சிக்னலிலிருந்து கிரவுண்டுக்கு நிற்கின்றன. அங்கே முகடு தட்டையாக வெட்டப்படுகிறது. எவ்வளவு அழுத்தி மீட்டினாலும் உச்சம் உயராது. ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் என்ற பெயர் வேறுபாட்டின் பின்னால் இருக்கும் மின்சார வேறுபாடு பெரும்பாலும் இதுவே.

பேஸை ஏன் வெளியே நிறுத்துகிறார்கள்

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வரலாம். 4.7 கிலோ ஓமும் 0.047 மைக்ரோஃபாரடும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸில் ஓர் எல்லையை வகுக்கின்றன. அதற்கு மேலுள்ள அதிர்வெண்களுக்கு முழுப் பெருக்கம். கீழே போகப் போகப் பெருக்கம் குறைந்து ஒன்றை நெருங்குகிறது. கிதாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில், டிரைவ் முழுவதும் திறந்திருக்கும்போதும், பெருக்கம் 118 அல்ல, சுமார் 13 மட்டுமே. அதாவது பேஸ் மற்றவற்றைவிட மிகக் குறைவாகவே நசுக்கப்பட்டுக் கடந்து போகிறது. மிட்டும் டிரெபிளும்தான் டயோடுகளில் பலமாக மோதுகின்றன.

இதைக் குறை என்று எண்ணிப் பேஸை உள்ளே விடத் துடிப்பவர்கள், அதை ஏன் வெளியே நிறுத்தினார்கள் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும். இரண்டு சுரங்கள் ஒரே நேரத்தில் கிளிப்பிங்குக்குள் போனால் அவற்றின் மேல்சுரங்கள் மட்டும் பிறப்பதில்லை. அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய அதிர்வெண்களும் பிறக்கின்றன. 110 ஹெர்ட்ஸ் ஏ சுரத்தையும் அதன் ஐந்தாம் சுரமான 165 ஹெர்ட்ஸ் ஈயையும் சேர்த்து மீட்டினால் வித்தியாசம் 55. அதுவும் ஏ சுரம்தான், ஒரு ஸ்தாயி கீழே. அதனால்தான் இரண்டே சுரங்களால் ஆன பவர் கார்டு, சிதைவில் இன்னும் கம்பீரமாகிறது. அதே ஏ சுரத்துடன் மேஜர் மூன்றாம் சுரத்தைச் சேர்த்துப் பாருங்கள். கிதாரின் சமசுருதி அமைப்பில் அது 138.6 ஹெர்ட்ஸ், வித்தியாசம் 28.6. எந்தச் சுரத்தோடும் ஒட்டாத ஓர் அடிமட்ட அதிர்வு அது. தடித்த கம்பிகளில் முழு கார்டு மீட்டும்போது ஒலி சேறாகிப்போவதற்கு இந்த ஒட்டாத வித்தியாசங்களே காரணம். கீழ் அதிர்வெண்கள் எவ்வளவு பெருக்கப்பட்டு டயோடுக்குள் நுழைகின்றனவோ அவ்வளவு சேறு. 720 ஹெர்ட்ஸ் எல்லை இதைத் தடுக்கும் அணை.

அணையின் உயரத்தைக் குறைக்கலாம், உடைக்கக் கூடாது. 0.047-ஐ 0.1 மைக்ரோஃபாரடாக மாற்றினால் எல்லை 340 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. 82 ஹெர்ட்ஸில் பெருக்கம் 13-இலிருந்து ஏறத்தாழ 28 ஆகிறது. ஒற்றைக் காயில் பிக்கப் உள்ள கிதாருக்கு இந்த ஒரு மாற்றம் உடல் தருகிறது; எனக்குத் தெரிந்து இந்தச் சுற்றில் செலவுக்கு மிக அதிகமான பலன் தருவது இதுதான். 0.22 போட்டால் 154 ஹெர்ட்ஸ். ஹம்பக்கர் கிதாரில் குழைவு தொடங்கிவிடும். 1 மைக்ரோஃபாரட் வரை போனால் 82 ஹெர்ட்ஸிலும் பெருக்கம் நூறைத் தாண்டுகிறது. பெடல் இப்போது ஃபஸ் போல நடந்துகொள்ளும். அது வேண்டும் என்பவர் போடட்டும், என்ன செய்கிறோம் என்று தெரிந்து போடட்டும்.

இங்கே பலரும் தவறவிடும் முடிச்சு ஒன்று உண்டு. இன்னும் கடுமை வேண்டும் என்று 4.7 கிலோ ஓமை 2.2 ஆக்குகிறார்கள். உச்சப் பெருக்கம் 250-ஐத் தொடுகிறது, சரி. ஆனால் அதே ரெசிஸ்டர் வடிகட்டியிலும் பங்குதாரர் என்பதால் எல்லை 720-இலிருந்து 1,540 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது. கேட்பவருக்கு, கடுமை கூடியதோடு ஒலி மெலிந்தும் போயிருக்கும். 2.2 கிலோ ஓம் போடும்போது கெபாசிட்டரையும் 0.1 ஆக்கினால் எல்லை மீண்டும் 720-க்கே வருகிறது. பெருக்கம் மட்டும் கூடுகிறது. ரெசிஸ்டர் எவ்வளவு பெருக்குவது என்றும், கெபாசிட்டரும் அதுவும் சேர்ந்து எதைப் பெருக்குவது என்றும் சொல்கின்றன. இந்த இரண்டையும் ஒரே ஜோடியாகப் பார்ப்பவருக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பொருளைவிட அளவு

‘ஒரே வரைபடத்தை வைத்து நாங்கள் இருவரும் கட்டினோம், என்னுடையது வேறு மாதிரி ஒலிக்கிறது’ என்பது அடிக்கடி கேட்கும் புகார். இதற்கு சிப்பின் வயதையும் ஈயத்தின் தரத்தையும் காரணம் காட்டுவார்கள். காரணம் பெரும்பாலும் கெபாசிட்டரின் மேலேயே அச்சாகியிருக்கும் ஓர் எழுத்து. 473 என்ற எண் 0.047 மைக்ரோஃபாரடைக் குறிக்கிறது. அதையடுத்த எழுத்து ஜே என்றால் 5 சதவீத ஏற்ற இறக்கம். கே என்றால் 10. எம் என்றால் 20. இஸட் என்றால் 20 சதவீதம் குறையலாம், 80 சதவீதம் கூடலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பொட்டலமாக வாங்கும் மலிவான டிஸ்க் கெபாசிட்டர்களில் இந்த இஸட் வகை சாதாரணம். அப்படியானால் நாம் 720 ஹெர்ட்ஸ் என்று எண்ணிக் கட்டிய எல்லை 900-இலும் இருக்கலாம், 400-இலும் இருக்கலாம். இரண்டும் இரண்டு வேறு பெடல்கள்.

ஆக, செராமிக்கை எடுத்துவிட்டு ஃபிலிம் போட்டவர்கள் ஒலி மாறியது என்று சொல்வதை நான் நம்புகிறேன். மாறியிருக்கும். அந்த மாற்றத்தில் பெரும்பங்கு அளவில் வந்த திருத்தம். பொருளில் வந்த மேன்மை குறைவு. உயர் மின்கொள்ளளவு செராமிக்குகள் மின்னழுத்தம் ஏறும்போது கொஞ்சம் அளவு மாறுவதும், தட்டினால் ஒலிப்பதும் உண்மையே. அரை வோல்ட், ஒரு வோல்ட் புழங்கும் சுற்றில், அதுவும் வேண்டுமென்றே அலையை நசுக்கும் சுற்றில், அந்தத் தடுமாற்றம் மிகச் சிறியது. ஜே எழுத்துள்ள பாலியெஸ்டர் கெபாசிட்டர் வாங்குங்கள். கெபாசிட்டன்ஸ் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரில் அளந்து போடுங்கள். விலையுயர்ந்த ‘ஆடியோ தர’ கெபாசிட்டர்களுக்கு இந்த இடத்தில் வேலை இல்லை.

பாட்டுக்கும் இதே கதை. 500 கிலோ ஓம் பாட் 20 சதவீதம் வரை விலகியிருப்பது சகஜம். 400 என்றால் உச்சப் பெருக்கம் 97. 600 என்றால் 140. அதோடு, டிரைவுக்கு வேண்டியது லாக் வகை. பெரும்பாலான பாட்களின் மேல் 500கே என்ற எண்ணோடு ஏ என்ற எழுத்து இருந்தால் லாக், பி என்றால் நேர்கோட்டு வகை. பி வகையைப் போட்டால் திருகியதுமே பெருக்கம் தாவி ஏறிவிடும், பிறகு பாதிச் சுற்றுக்கு மேல் பெரிதாக எதுவும் மாறாது.

டயோடு பற்றிய உற்சாகம்

டயோடு மாற்றுவது எளிது. ஐசி சாக்கெட்டின் இரண்டு துளைகளில் செருகி எடுத்துவிடலாம். அதனால்தான் இதைப் பற்றிய பேச்சும் அதிகம். சிலிக்கான் டயோடு 0.6 அல்லது 0.7 வோல்ட்டில் கடத்தும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. இந்தச் சுற்றில் டயோடு வழியே ஓடுவது சில பத்து மைக்ரோஆம்பியர்தான். கிதாரின் 100 மில்லிவோல்ட்டை 4.7 கிலோ ஓமால் வகுத்தால் 21 மைக்ரோஆம்பியர் வரும். அவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் 1என்4148 அரை வோல்ட்டுக்குக் கீழேயே வேலை தொடங்கிவிடுகிறது. ஜெர்மேனியம் இன்னும் தாழ்வாக, இன்னும் வழவழப்பான வளைவில் தொடங்கும். சிவப்பு எல்இடி ஒன்றரை வோல்ட்டைத் தாண்டிய பிறகே விழிக்கும்.

எனவே சிலிக்கானை எடுத்து எல்இடி போட்டதும் இரண்டு விஷயங்கள் ஒருசேர நடக்கின்றன. கிளிப்பிங் தாமதமாகிறது, ஒலி திறக்கிறது. வெளியீடு மூன்று மடங்கு, அதாவது 10 டெசிபல் அளவு சத்தமாகிறது. இரண்டாவது முதலாவதை மறைத்துவிடும். சத்தம் கூடும்போது காது பேஸையும் டிரெபிளையும் கூடுதலாக உணர்கிறது என்பதை பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். சத்தத்தைச் சமப்படுத்தாமல் ‘எல்இடி போட்டதும் உயிர் வந்தது’ என்று சொல்வது பாதி வால்யூமைப் பற்றிய சாட்சியம்.

சமப்படுத்திக் கேட்டால் என்ன மிஞ்சும்? கண்டிப்பாக ஒரு வித்தியாசம் மிஞ்சும். எல்இடியில் கையின் அழுத்தத்துக்கு இடம் அதிகம். ஜெர்மேனியத்தில் எப்போதும் ஒரு மெல்லிய அமுக்கம் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் ஒரு டயோடு, மறுபக்கம் இரண்டு என்று சமச்சீரைக் கலைத்தால் இரட்டைப்படை மேல்சுரங்களும் சேர்கின்றன. பாஸ் நிறுவனத்தின் ஓடி-1, அதன் பின் 1981-இல் வந்த எஸ்டி-1 ஆகியவற்றின் வழி இது. தனிக்கம்பியில் நீட்டி வாசிக்கும்போது இந்த வேறுபாட்டை நான் தெளிவாகவே உணர்கிறேன். ரிதம் வாசிப்பில், அதுவும் டிரம்ஸும் பேஸும் சேர்ந்து ஒலிக்கையில், அது கரைந்துவிடுகிறது. 720 ஹெர்ட்ஸை 340 ஆக்கிய மாற்றம் அங்கேயும் கரையாது. முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று நான் பிரித்தது இதை வைத்துத்தான்.

சிப்: ஒரே கேள்விக்கு இரண்டு பதில்

பழைய ஜேஆர்சி 4558 சிப்புக்கு ஒரு புனிதத்தன்மை ஏற்பட்டிருக்கிறது. டிஎஸ்808-இல் இருந்த அதே காலத்துச் சிப் வேண்டும் என்று பெருந்தொகை கொடுப்பவர்கள் உண்டு; அந்த ஆசையை நம்பிப் போலிகளும் உண்டு. கணக்கைப் பார்ப்போம். 4558-இன் கெயின்-பேண்ட்வித் 3 மெகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. உச்சப் பெருக்கமான 118-ஆல் வகுத்தால் 25 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது 20-ஐத் தாண்டாது. கிதார் ஸ்பீக்கரோ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாகச் சரிகிறது. வெளியீடு எவ்வளவு வேகமாக எழும்ப முடியும் என்ற அளவு, ஒரு மைக்ரோநொடிக்கு 1 வோல்ட். 5 கிலோஹெர்ட்ஸில் 1 வோல்ட் உச்சமுள்ள அலைக்குத் தேவைப்படுவது 0.03 வோல்ட்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் சிப்புக்கு மூச்சு வாங்கவே இல்லை. டிஎல்072 போட்டாலும், இன்று புதிதாக வரும் 4558 போட்டாலும், சமமான சத்தத்தில் கேட்டால் வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகக் கடினம். கொஞ்சம் இரைச்சல் குறையலாம். அவ்வளவே.

ராட் பெடலில் இதே கேள்வியைக் கேட்டால் பதில் தலைகீழாகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூவில் பிறந்த அந்தப் பெடலின் உச்சப் பெருக்கம் 2,300 அளவுக்குப் போகும். அதில் இருந்த எல்எம்308 சிப்பின் கெயின்-பேண்ட்வித் 1 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது. 2,300-ஆல் வகுத்தால் 500 ஹெர்ட்ஸ்கூட மிஞ்சாது. எழும்பும் வேகமும் மைக்ரோநொடிக்கு 0.3 வோல்ட் மட்டுமே. டயோடு வெளியே இருப்பதால் வெளியீடு சில வோல்ட் உயரத்துக்கு ஏறி இறங்க வேண்டும். சிப் அங்கே திணறுகிறது, அந்தத் திணறலே ராட்டின் தடித்த, மொத்தையான குரல். அதில் வேகமான சிப் போட்டால் ஒலி பளிச்சென்று மாறிவிடும். பின்னாளில் ராட்டில் இடம்பெற்ற ஓபி07 அதே 0.3 வோல்ட் வேகம் கொண்டது என்பதைக் கவனித்தால், தயாரித்தவர்களும் எதைக் காப்பாற்ற நினைத்தார்கள் என்பது புரியும். சிப் முக்கியமா என்ற கேள்விக்குப் பொதுவான பதில் இல்லை. அந்தச் சுற்று சிப்பை எல்லைக்குத் தள்ளுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

விரைவாகக் கடக்கத் தக்கவை

டிஎஸ்9-ஐ டிஎஸ்808 ஆக்குவது என்று ஒரு புகழ்பெற்ற மாற்றம் உண்டு. வெளியீட்டில் இருக்கும் 470 ஓமை 100 ஓமாகவும், 100 கிலோ ஓமை 10 கிலோ ஓமாகவும் மாற்றுவது. 1 மெகா ஓம் உள்ளீடுள்ள ஆம்ப்புக்குள் போகும்போது இரண்டுக்கும் சத்த வித்தியாசம் ஒரு டெசிபலில் இருபதில் ஒரு பங்குதான். டிரெபிள், பேஸ் எதுவும் நகராது. இதைச் செய்ய வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இதற்காகக் காசு கொடுக்க வேண்டாம்.

18 வோல்ட்டும் அப்படியே. சிலிக்கான் டயோடு அரை வோல்ட்டில் கட்டிப்போட்டிருக்கும் சுற்றுக்கு மேலே இரண்டு மடங்கு இடம் கொடுத்துப் பயன் இல்லை. டயோடை முழுக்க எடுத்துவிட்டால் மட்டும் அது உணரப்படும். கொடுப்பதென்றால் முதலில் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களின் வோல்ட்டேஜைப் பாருங்கள். 16 வோல்ட் என்று எழுதியிருந்தால் நிறுத்துங்கள். அடாப்டர் விஷயத்தில் இன்னொன்று: கிதார் பெடல்களின் வழக்கம் நடு முனையில் மைனஸ். கடையில் கிடைக்கும் மற்ற அடாப்டர்கள் பெரும்பாலும் நடுவில் பிளஸ். சப்ளைக்குக் குறுக்கே எதிர்முகமாக ஒரு 1என்4001 வைத்துவிட்டால் மாற்றிச் செருகினாலும் சிப் பிழைக்கும்.

பஃபர்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். வீட்டில் கட்டுபவர்கள் பாகங்களைக் குறைக்க இரண்டு பஃபர்களையும் விட்டுவிடுகிறார்கள். கடைசிப் பஃபர் போனால் பெரிய நஷ்டமில்லை. 100 கிலோ ஓம் வால்யூம் பாட்டின் மோசமான நிலையில்கூட, 6 மீட்டர் கேபிள் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல்தான் டிரெபிளைத் தின்னும். முதல் பஃபர் விஷயம் வேறு. அதைத் தூக்கிவிட்டு, ஆப்-ஆம்ப்பின் பிளஸ் உள்ளீட்டில் நடுக்கோட்டு மின்னழுத்தம் தரும் 10 கிலோ ஓமை அப்படியே வைத்தால், பிக்கப் நேராக அந்த 10 கிலோ ஓமைச் சுமக்கும். மூன்று ஹென்றி சுருளும் 6 கிலோ ஓம் கம்பித்தடையும் உள்ள பிக்கப்பில் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு முன்பே ஒலி சரியத் தொடங்கிவிடும். ‘என் பெடலில் போர்வை போர்த்தியதுபோல் இருக்கிறது’ என்ற புகாரோடு வரும் எளிமைப்படுத்திய சுற்றுகளில் முதலில் தேட வேண்டியது இந்த 10 கிலோ ஓமைத்தான். 1 மெகா ஓம் ஆக்கிவிட்டால் தீர்ந்தது.

டயோடுக்குப் பின்னால்

வெட்டுப்பட்ட அலை டயோடைத் தாண்டியதும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 0.22 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் சந்திக்கிறது. எல்லை 723 ஹெர்ட்ஸ்; இந்த முறை அதற்கு மேலுள்ளவை குறைக்கப்படுகின்றன. முன்னால் 720-க்குக் கீழே தணிவு, பின்னால் 723-க்கு மேலே தணிவு. நடுவில் எஞ்சும் மேடுதான் டியூப் ஸ்கிரீமரின் மிட். பாட்டுக்குரலுக்கும் பேஸுக்கும் இடையே கிதார் தனியாகக் கேட்பதற்கும், வீட்டில் தனியாக வாசிக்கும்போது அடைத்ததுபோல் தோன்றுவதற்கும் இதே மேடுதான் காரணம்.

இந்த 0.22-ஐ 0.1 ஆக்கினால் எல்லை 1,590 ஹெர்ட்ஸுக்கு உயர்கிறது. மேடு அகன்று ஒலி திறக்கிறது. டோன் பாட்டைத் திருகுவதும் இதுவும் ஒன்றல்ல. டோன் பாட் செய்வது இந்தத் தணிவுக்கு மேலான திருத்தம். பின்னூட்டத்தில் உள்ள 51 பிக்கோஃபாரட் இன்னொரு நுட்பமான கைப்பிடி. டயோடு கடத்தாத தருணங்களில், டிரைவ் முழுவதும் திறந்திருந்தால் அது 5.7 கிலோஹெர்ட்ஸில் மேல்பகுதியை மழித்துவிடுகிறது. டிரைவ் குறைந்திருந்தால் அதன் எல்லை 61 கிலோஹெர்ட்ஸில், காதுக்கு எட்டாத இடத்தில். கடுமை கூடும்போது மட்டும் கூர்மையை மழுக்கும் ஏற்பாடு. 100 பிக்கோஃபாரட் போட்டால் 2.9 கிலோஹெர்ட்ஸ், காது கூசுகிறது என்பவர்களுக்கு இதுவே மருந்து. அதை எடுத்துவிடுவது வேண்டாம்; இரைச்சலும் கீச்சிடலும் வந்து சேரும்.

முன்னால் டிரெபிளைக் குறைப்பதும் பின்னால் குறைப்பதும் ஒன்றுபோல் தோன்றலாம். குழம்பு கொதிக்கும்போது உப்பிடுவதும் இலையில் வைத்து உப்பிடுவதும் போல அவை வேறு வேறு. முன்னால் குறைத்தால் எது நசுங்க வேண்டும் என்பது மாறுகிறது; பின்னால் குறைத்தால் நசுங்கியதன் நிறம் மாறுகிறது. பேஸ் குறைவு என்று புகார் வந்தால் இந்த இரண்டில் எது வேண்டும் என்று கேட்க வேண்டும். தடித்த, உறுமும் பேஸ் வேண்டுமா? முன் வடிகட்டியைத் தொடுங்கள். சிதைவு அப்படியே இருக்க, சுத்தமான அடிப்பாகம் வேண்டுமா? முன்னால் கை வைக்காமல், ஆம்ப்பின் பேஸ் கண்ட்ரோலைத் திருகினாலே போதும்.

இவற்றையெல்லாம் ஒப்பிடும்போது கையும் மாறுகிறது என்பதை மறக்கக் கூடாது. புதிய பாகம் போட்டதும் ஆவலோடு வாசிப்போம். அந்த ஆவல் விரல்களில் அழுத்தமாகும். வாசிப்பைக் கணினியில் நேரடியாகப் பதிந்து, அதே பதிவைக் கிதாரின் அளவுக்குக் குறைத்துப் பெடலுக்குள் திருப்பி அனுப்பினால் அந்தக் குழப்பம் நீங்கும். ஒரு நேரத்தில் ஒரு பாகம், இரண்டு கெபாசிட்டர்களுக்கு நடுவே ஒரு சிறு சுவிட்ச், சத்தம் சமம். சால்டரிங் அயர்னை எடுப்பதற்கு முன் பிரெட்போர்டில் இதைச் செய்தவர்கள் தேவையில்லாத பல மாற்றங்களை அங்கேயே கைவிடுவார்கள்.

ஆம்ப்பே சிதைவு தரும்போது

இதுவரை சொன்னது, பெடலே சிதைவைத் தர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு. மெட்டல் வாசிப்பவர்கள் இதே பெடலை வேறு விதமாக வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே உறுமும் வால்வு ஆம்ப்புக்கு முன்னால், டிரைவ் பூஜ்ஜியத்தில், லெவல் உச்சத்தில். அங்கே பெடலின் வேலை பேஸை ஒதுக்கி, மிட்டைத் தூக்கி, ஆம்ப்பின் முதல் வால்வைக் கடுமையாக அடிப்பது. தாழ்ந்த சுருதியில் வேகமாக வாசிக்கும் ரிஃப்கள் தனித்தனியாகக் கேட்பது அந்த 720 ஹெர்ட்ஸ் அணையால்தான். நான் மேலே புகழ்ந்த 0.1 மைக்ரோஃபாரட் மாற்றம் இவர்களுக்கு நேர் எதிரானது, அவர்கள் 0.047-லேயே நிற்க வேண்டும், 0.033 போட்டு எல்லையை ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலேகூட ஏற்றிப் பார்க்கலாம். நான் இரண்டாம் வரிசைக்குத் தள்ளிய எல்இடியோ இங்கே முதல் வரிசைக்கு வந்துவிடுகிறது. சத்தத்தைச் சமப்படுத்து என்ற விதிக்கு இங்கே இடமில்லை, கூடுதல் 10 டெசிபலே தேவையான பொருள். டயோடு மாற்றத்தோடு 51 கிலோ ஓமை 22 ஆக்கினால் அடிமட்டப் பெருக்கம் 12-இலிருந்து 6-க்கு வரும். பெடல் சுத்தமாகத் தள்ளும், சிதைப்பதை ஆம்ப் பார்த்துக்கொள்ளும்.